ஓடாத சைக்கிளில் பன்னிரண்டு கிலோமீட்டர்

ஜிம்மில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எதிரில் வருகிறவர் யாரானாலும் முகத்தைப் பார்க்கும் முன்னால் தொப்பையைப் பார்ப்போம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டினாலும் சரி, எழவு வீட்டில் யாராவது கட்டிப்பிடித்து அழுதாலும் சரி, கண் அங்கேதான் போகும். இதே தொழிலில் இதே பாடு படுகிற உங்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் கலா. பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஜிம். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் லேடீஸ் பேட்ச், அதற்கு நான்தான் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஜிம்முக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவரிடம் பழைய கோப்பை ஒன்றும் புதுத் தொப்பை ஒன்றும் இருக்கின்றன. நான் சொல்லப்போகிற துணுக்குகள் பலவற்றிலும் ஓரமாக ஒருத்தி சைக்கிள் மிதித்துக்கொண்டே இருப்பாள். அவள் பெயர் செல்வி. அவளைக் கண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கிடா ஏறிய மாடி

ஒரு நாள் பதினோரு மணிக்குப் படியில் "மே" என்று சத்தம். எட்டிப் பார்த்தால், குச்சி மாதிரி ஒரு பொம்பளை, தோளில் ஒரு கிடாயைப் போட்டுக்கொண்டு இருபது படியையும் ஏறி வந்து நிற்கிறாள். மூச்சு வாங்கவே இல்லை. வியாபாரி பதினெட்டு கிலோதான் என்று அடித்துப் பேசுகிறானாம், அவன் தராசில் நம்பிக்கை இல்லையாம், இங்கே ஆளை நிறுக்கிற மெஷின் இருக்கிறதாமே, ஒரு தரம் நிறுத்துக் கொடுங்கள் என்றாள். மாஸ்டர் பதறிப்போய் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், நான் அவளைக் கிடாயோடு மெஷினில் ஏற்றிவிட்டேன். அறுபத்து நாலு. பிறகு கிடாயை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினாள். நாற்பத்தொன்று. கழித்துப் பார்த்தால் இருபத்து மூன்று. வியாபாரியை நாலு வார்த்தை திட்டினாள், நானும் கூட நாலு சேர்த்துத் திட்டினேன். அதற்குள் கிடா தன்னுடைய வேலையைத் தரையில் முடித்திருந்தது.

போகும்போது மூலையில் இருந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு நின்றாள். பொம்பளைங்க ஓட்டலாமா என்று கேட்டாள். தாராளமாக ஓட்டலாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை கிடாயை விற்றுவிட்டு வந்து சேர்ந்துவிட்டாள். அவள்தான் செல்வி. அவள் ஊரில் கிராம உதவியாளர் வேலை காலியாம். தலையாரி வேலை என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறோமே, அதுதான். மனுப் போட்டிருக்கிறாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இப்போது வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிற நிலைமை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இவள் மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போய்த்தான் மூன்று வயிறும் நிறைய வேண்டும். இந்த வேலை கிடைத்தால் பிழைத்தோம், வேலைக்குத் தோதாக உடம்பைத் தயார் பண்ணிக்கொள்கிறேன் என்றாள். நான் தேற்றிவிடுகிறேன் என்று பெரிய வாக்குக் கொடுத்தேன். கிடா போட்டதைப் பெருக்கிக்கொண்டே மாஸ்டர் அன்றைக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்:

"நம்ம ஜிம்முல எடை பாத்துட்டு, மெஷின் தப்புன்னு சொல்லாம எறங்கிப் போனது அந்தக் கிடா ஒண்ணுதான் கலா."

ஆஞ்சநேயருக்குத் திரை

லேடீஸ் பேட்ச்சுக்கு ராஜம்மாதான் தலைவி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். காலை வியாபாரம் முடிந்ததும் நேரே வருவாள். ஷூ போட்டுக்கொண்டுதான் டிரெட்மில்லில் ஏற வேண்டும் என்று நான் ஒரு மாதம் கத்தினேன். ஒரு வழியாக வாங்கினாள். வாங்கி, படிக்குக் கீழே பயபக்தியோடு கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு மேலே வந்தாள். என்ன ராஜம்மா இது என்றால், சுவரில் மாட்டியிருக்கிற ஆஞ்சநேயரைக் காட்டுகிறாள். சாமி இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு எப்படி நடப்பதாம். ஷூ வேறு, செருப்பு வேறு என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. படத்தை உள் அறைக்கு மாற்றலாம் என்றால், ஆஞ்சநேயர் இல்லாமல் ஜிம்மா என்று மாஸ்டர் குதிக்கிறார்.

மறுநாள் ராஜம்மா பழைய புடவையைக் கிழித்து, இரண்டு ஆணி அடித்து, படத்துக்கு முன்னால் ஒரு திரை போட்டுவிட்டாள். பத்தரைக்கு மூடுவாள், பன்னிரண்டரைக்குத் திறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். எல்லாக் கால்களிலும் ஷூ வந்துவிட்டது. ஒரு மாதமாகக் கத்தியும் என்னால் ஆகாத காரியம். செல்வி மட்டும் மகளுடைய பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டு, திரை மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறுவாள். ராஜம்மா கொடுத்த விளக்கம் இது:

"அவரு பிரம்மச்சாரி கண்ணு. நாம கையைக் காலைத் தூக்கறதை அவரும் பாக்க வேணாம், நம்ம ஷூவையும் பாக்க வேணாம்."

சும்மாடு

கோவிந்தன் புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சீசன் முடிந்து மண்டி படுத்துவிட்டால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று ஜிம்மில் சேர்ந்தார். அன்றைக்கு நான் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தேன், ஆம்பளைங்க பேட்ச் முடிகிற நேரம். மாஸ்டர் நீளக் கம்பியில் இரண்டு பக்கமும் எடையை மாட்டி, இதைத் தூக்கித் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனார். கோவிந்தன் கம்பியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, சும்மாடு கட்டித் தலையில் வைத்தார். ஒரே தம். அறுபது கிலோ கம்பி தலைக்குமேல் படுத்துக்கொண்டது.

அதோடு விட்டாரா? படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் நட்டநடுவில் நிற்கிறேன், கம்பியின் ஒரு முனை என் காதை உரசிக்கொண்டு போகிறது. மாஸ்டர் ஓடிவந்து படிக்கு முன்னால் கையை விரித்து மறித்தார். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டால், அதைத்தான் நானும் கேட்கிறேன், எங்கே இறக்கணும் சொல்லுங்கள் என்கிறார். அங்கேயே தூக்கி அங்கேயே வைக்க வேண்டும் என்று மாஸ்டர் விளக்கி முடித்ததும், கோவிந்தன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூக்கினா எங்கயாச்சும் கொண்டுபோய் எறக்கணும்ல மாஸ்டர்? எடுத்த எடத்துலயே வெக்கிறதுக்கு எதுக்குங்க எடுக்கறது?"

டிரெட்மில்லுக்கு ஆயுத பூஜை

ஆயுத பூஜை அன்றைக்குத் தம்பிள்ஸ் குண்டு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் தடபுடல். இரண்டு பேட்ச்சும் கூடியிருந்தது. வண்டி வைத்திருக்கிறவர்கள் கீழே போய்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு வந்தார்கள். அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு ஒரு யோசனை. டிரெட்மில்லிலும் மோட்டார் இருக்கிறது, ஓடுகிறது, அதுவும் வண்டிதானே. கொண்டா ரெண்டு பழம் என்றார். வேண்டாம் மாஸ்டர் என்று சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. என்ன ஆகிறது பார்ப்போமே என்ற ஆசை எனக்கும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பெல்ட்டின்மேல் இரண்டு பழத்தையும் வைத்தார். நான் பட்டனை அமுக்கினேன். இரண்டும் ஜம்மென்று பின்னால் பயணம் போயின. ஒன்று துள்ளிப் போய் மாஸ்டர் கோப்பையோடு நிற்கிற போட்டோவில் அடித்துக் கண்ணாடியை உடைத்தது. இன்னொன்று பின்பக்கம் விழுந்து, பெல்ட்டுக்கு அடியில் இழுபட்டு உள்ளே போய்விட்டது. கிர்ரென்று ஒரு சத்தம், தீய்ந்த நாற்றம், கூடவே நல்ல எலுமிச்சை வாசனை. மெஷின் நின்றது நின்றதுதான். சேலத்திலிருந்து மெக்கானிக் வருவதற்கு ஒரு வாரம் ஆனது. வந்து பிரித்துப் பார்த்தவர் எலுமிச்சை விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தார். மோட்டாரைத் துணியில் சுற்றிச் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னார்:

"டிரெட்மில்லுல ஜூஸ் போட்ட ஜிம்ம இப்பத்தாங்க மொதல் தடவ பாக்கறேன்."

துண்டு போட்ட சீட்டு

டிரெட்மில் போய்விட்டதா, லேடீஸ் பேட்ச் மொத்தமும் சைக்கிள்மேல் விழுந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேதான். ராஜம்மா எட்டு மணிக்கே ஆள்விட்டுச் சைக்கிள் சீட்டில் துண்டைப் போட்டுவிடுவாள். செல்வியோ துண்டை மடித்து ஆஞ்சநேயர் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஏறினால் இறங்க மாட்டாள். ஒரு மணி நேரம் மிதிப்பாள். இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கொண்டை போடுவாள். அதைப் பார்த்து நானே கைதட்டியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. ராஜம்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள், செல்வி உட்கார்ந்தபடியே சீட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் நடுவில் புகுந்து, செல்வி, நீ நாற்பத்தொரு கிலோ, உனக்கு எதற்கு சைக்கிள், போய் எடை தூக்கு என்று அதட்டினேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணிபர்சிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். தாலுக்கா ஆபீசிலிருந்து வந்தது. வருகிற வியாழக்கிழமை நேர்காணல். தமிழ் வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், மூன்றாவதாக சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். இதற்குத்தான் அக்கா இரண்டு மாதமாக ஓட்டுகிறேன், இந்தப் பெட்டியைப் பாருங்கள், இன்றைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டுகிறது, எங்கள் ஊரிலிருந்து தாலுக்கா ஆபீசுக்கு ஒன்பதுதானே என்றாள். ரோட்டில் ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை. பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுப்பார்களே, அது? அது பதினொன்றாம் வகுப்பில், இவள் பத்தோடு நின்றுவிட்டாள். ஊரில் இந்த வயதில் பழகினால் சிரிப்பார்கள் என்றுதான் மாடிக்கு வந்திருக்கிறாள். இது விழாத சைக்கிள் செல்வி, நிஜ சைக்கிள் விழும் என்று எப்படிச் சொல்வது? இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு கைதட்டின நான் எந்த வாயால் சொல்வது? மென்று முழுங்கி ஒரு மாதிரி சொன்னேன். அவள் தான் உட்கார்ந்திருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"அப்போ இது என்னாங்கக்கா?"

பேட்ச் ஓடியது

சீட்டுக்குச் சண்டை போட்ட ராஜம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றாள். அப்புறம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். இடம் கொடுத்தவர் கோவிந்தன். புளி மண்டிக்குப் பின்னால் சிமெண்டுக் களம், சுற்றிலும் மதில், வெளியாள் கண்ணில் படாது. சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமை வரைக்கும் ஐந்து நாள், பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும், லேடீஸ் பேட்ச் ஜிம்முக்கே போகவில்லை.

செல்வியின் காலில் இருந்த பலம் என்னிடம் கூடக் கிடையாது. ஒரு மிதி மிதித்தால் சைக்கிள் பறக்கிறது. ஆனால் பழக்கதோஷம், பாதி வழியில் இரண்டு கையையும் விட்டுவிடுகிறாள். பொத்தென்று விழுகிறாள். அதைவிடக் கொடுமை, நிறுத்துவது. ஜிம் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம். இங்கேயும் அதையே செய்கிறாள். மிதிப்பதை நிறுத்துவாள், முந்தானையை எடுப்பாள், முகத்தைத் துடைத்தபடியே சாய்வாள். கோவிந்தன் ஓடிவந்து கேரியரைப் பிடித்தால் உண்டு. அவளுடைய முட்டி இரண்டுக்கும் தன் துண்டைக் கிழித்து அவரே கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கையை விடாமல் ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை வளைத்துத் திருப்பக் கற்றுக்கொண்டாள். புதன்கிழமை வரைக்கும் நிறுத்த மட்டும் வரவில்லை. பிரேக்கைப் பிடி என்று நாங்கள் பத்துப் பேர் பின்னால் கத்திக்கொண்டே ஓடினோம். டிரெட்மில்லில் பத்து நிமிசம் நடக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்கிறவர்கள், களத்தை முப்பது சுற்று ஓடினார்கள். கடைசி நாள் ராஜம்மா புளி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ரெண்டு வருசமா உன் ஜிம்முல கொறையாத இடுப்பு, இந்த அஞ்சு நாள்ல ஜாக்கெட்டு தொளதொளன்னு ஆயிடுச்சு கலா."

வியாழக்கிழமை

தாலுக்கா ஆபீஸ் காம்பவுண்டுக்குள் எங்களை விடவில்லை. கேட்டுக்கு வெளியே மொத்த பேட்ச்சும் நின்றோம். எல்லாக் காலிலும் ஷூ. ராஜம்மா ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டாள், இன்றைக்குத் திரையைத் திறந்தே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். மாஸ்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். செல்வி நன்றாக வாசித்தாளாம், நன்றாக எழுதினாளாம், பியூன் வந்து சொன்னார். விழுந்துவிட்டால் நாளைக்கு மறுபடியும் மரவள்ளிக் காடு, அதற்கு நானும் ஒரு காரணம்.

மரத்தடியில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கிளம்பி, கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஏறினாள். கையை விடவில்லை. கம்பத்தை அழகாக வளைத்தாள். ராஜம்மா என் கையைக் கிள்ளியே எடுத்துவிட்டாள். மேஜைக்கு வந்தாள், மேஜையைத் தாண்டினாள், அதிகாரி பேனாவோடு எழுந்து நிற்கிறார், கேட்டைத் தாண்டி எங்களையும் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். போகும்போது நிறுத்த வரலை அக்கா என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு டவுன் பஸ் ஆரன் அடித்தது, ஒதுங்கினாள். கடைவீதி முனையில் வளைந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குத்தான் போனாள். எங்கள் ஜிம்முக்குக் கீழே, உரக்கடை வாசலில் அடுக்கியிருந்த வேப்பம்புண்ணாக்கு மூட்டையில் போய் மெத்தென்று மோதி நின்றது சைக்கிள். அவள் விழவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது, பியூன் ஓட்டிவந்த ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து அதிகாரி இறங்கினார். கையில் அட்டையும் காகிதமும். செல்வி இறங்கிக் கும்பிட்டுக்கொண்டு, நிறுத்த மட்டும் வரவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. அவர் காகிதத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தரம், பின்பக்கம் திருப்பி ஒரு தரம் படித்தார். பேனாவை எடுத்து டிக் போட்டார்.

"ஓட்டத் தெரியுமான்னுதாம்மா இதுல கட்டம் இருக்கு. நிறுத்தத் தெரியுமான்னு கட்டமே இல்லை."

அடுத்த மாதம் ஆர்டர் வந்துவிட்டது. செல்வி புது சைக்கிளை எங்கள் வாசலுக்குத்தான் பூஜைக்குக் கொண்டுவந்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் மாஸ்டர் மாடிக்கு ஓடிவிட்டார். இப்போதும் தாலுக்கா ஆபீசுக்கு வருகிற நாளெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். வந்தால் புண்ணாக்கு மூட்டையில் இடித்துத்தான் நிறுத்துவாள், அதற்கென்றே உரக்கடைக்காரர் ஒரு மூட்டையை விற்காமல் வெளியே போட்டு வைத்திருக்கிறார்.

இத்தனை வருசமாக எங்கள் ஜிம்மில் எத்தனையோ பேர் ஓடியிருக்கிறார்கள், மிதித்திருக்கிறார்கள், அதில் உருப்படியாக ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவள் நிறுத்தத் தெரியாத அந்த ஒருத்திதான்.